அண்ணன் வாசித்தது, தம்பி எழுதியது

ஜலதோஷ மாத்திரைப் புட்டி ஒன்று சங்கீத சரித்திரத்தில் இடம் பிடித்தது. வேடிக்கைப் பேச்சு அல்ல. உண்மை!

அமெரிக்காவில் 1971-ம் ஆண்டு ஜூலை மாதம் ஓர் இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. "அட் பில்மோர் ஈஸ்ட்" என்பது அதன் பெயர். நியூயார்க் நகரத்தில் பில்மோர் ஈஸ்ட் என்று ஒரு கொட்டகை இருந்தது. அங்கே ஜனங்கள் முன்னிலையில் நடந்த கச்சேரியைப் பிடித்த தட்டு அது.

தட்டு சுழலத் தொடங்கியதும், ஒருவர் கோஷ்டியின் பெயரைச் சொல்லுகிறார்: ஆல்மன் பிரதர்ஸ் பாண்டு. "ஆல்மன் சகோதரர்கள் வாத்தியக் கோஷ்டி" என்று அர்த்தம். கைதட்டல் கேட்கிறது. அடுத்த கணம் ஒரு கித்தார் வீறிட்டு எழுகிறது. வாய் திறந்து ஒருவர் பாடுவது போல அது இழுத்து, குழைந்து, கூவுகிறது.

விரலால் தந்தியை அழுத்தினால் இந்த நாதம் வராது. நம் ஊர் கோட்டு வாத்தியத்தில் தந்தியின் மேல் கட்டையை வழுக்கி வாசிப்பார்களே, அதே வித்தைதான். கட்டைக்குப் பதில் இங்கே கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் மாத்திரைப் புட்டி!

வாசித்தவர் டுவேன் ஆல்மன். அப்போது அவருக்கு வயது 24. தட்டு வெளிவந்து நான்கு மாதம் முடிவதற்குள் அவர் இறந்து போனார்.

தட்டில் பாடியவர் அவருடைய தம்பி கிரெக் ஆல்மன். அவர் 2017-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். 2012-ம் ஆண்டில் தம் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். "நான் சுமக்கும் சிலுவை" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

புட்டி வந்த கதை அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அண்ணனிடம் தம்பி கடைசியாகப் பேசிய பேச்சும் இருக்கிறது.

எங்கே தொடங்குவது?

மேல்நாட்டில் 1950-ம் ஆண்டுகளில் தோன்றியது "ராக்" சங்கீதம். அமெரிக்காவின் தென் பகுதியில் கறுப்பு மக்கள் பாடிய "புளூஸ்" என்ற சோகப் பாட்டு அதற்குத் தாய். 1960, 1970-ம் ஆண்டுகளில் வந்த ராக் பாட்டுகளை இப்போது "கிளாசிக் ராக்" என்கிறார்கள். பாகவதர் தட்டுகளை நம்மவர்கள் பத்திரப்படுத்தி வைப்பது போல, அங்கே இவற்றைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

இந்தச் சங்கீதத்தைப் புதிதாகக் கேட்க வருகிறவர் திண்டாடிப் போவார். ஆயிரக்கணக்கான தட்டுகள்! எதை எடுப்பது, எதை விடுவது?

ஸ்டூடியோவில் பதிந்த தட்டில் எல்லாம் மெருகு ஏற்றி இருக்கும். கச்சேரித் தட்டில்தான் மனிதர்கள் தெரிவார்கள். இந்தத் தட்டிலேயே ஓரிடத்தில் கூட்டத்தில் ஒருவன் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். சரியாகக் கண்டுபிடித்து விட்டாய் என்று மேடையிலிருந்து டுவேன் பதில் சொல்லுகிறார். ஒரே ஒரு சிறு வாக்கியம். செத்துப் போன மனிதரின் பேச்சுக் குரல் அது.

முதலில் தட்டைக் கேட்க வேண்டும். பிறகு, அந்த மேடையில் நின்றவரே எழுதிய புத்தகத்தைப் படிக்க வேண்டும். அதன் பிறகு மறுபடியும் தட்டைக் கேட்டால், அதே தட்டு வேறு மாதிரி ஒலிக்கும்!

தகப்பன் இல்லாத பிள்ளைகள்

டுவேன் பிறந்தது 1946-ம் ஆண்டு நவம்பர் மாதம். கிரெக் பிறந்தது 1947 டிசம்பர். ஊர், டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில்.

தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர். 1949-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள், முன்பின் தெரியாத ஒருவனுக்கு இரக்கப்பட்டுக் காரில் இடம் கொடுத்தார். அவன் அவரைச் சுட்டுக் கொன்று விட்டான். பெரியவனுக்கு அப்போது மூன்று வயது. சின்னவனுக்கு இரண்டு.

தாயார் பெயர் ஜெரால்டின். அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை. கணக்கு வேலை படித்துச் சம்பாதிக்க முடிவு செய்தார். பிள்ளைகளை ராணுவப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தார். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அதனால்தான் இங்கே தள்ளி விட்டாள் என்று கிரெக் நினைத்தார். பிள்ளைகளை அனாதை விடுதிக்கு அனுப்பாமல் காப்பாற்றத்தான் அந்த அம்மாள் இரவு பகலாக உழைத்தார் என்பது, பெரியவன் ஆன பிறகே அவருக்குப் புரிந்ததாம்.

1959-ம் ஆண்டு குடும்பம் புளோரிடாவில் உள்ள டேட்டோனா பீச் என்ற கடற்கரை ஊருக்குக் குடியேறியது. கிரெக் வீடு வீடாகப் பத்திரிகை போட்டுக் காசு சேர்த்தார். அந்தக் காசில் ஒரு கித்தார் வாங்கினார். அண்ணனிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

ஆனால் தம்பியின் கித்தாரை அண்ணன் விடவில்லை. ஒரே கித்தார், இரண்டு கை! தினமும் சண்டை. முதலில் தம்பிதான் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அண்ணன் எங்கோ போய் விட்டார். படிப்பை விட்டு, வீட்டில் உட்கார்ந்து, ஓயாமல் வாசித்தார்.

குதிரையும் புட்டியும்

1967-ம் ஆண்டு சகோதரர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் போனார்கள். "அவர் கிளாஸ்" என்ற கோஷ்டியில் பாடினார்கள். பிழைப்பு சரியாக நடக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் டுவேன் குதிரையிலிருந்து விழுந்தார். இடது முழங்கையில் அடி. கித்தார் தந்தியை அழுத்தும் கை அது! இதற்குத் தம்பிதான் காரணம் என்று அவருக்குக் கோபம். பேச்சு நின்று விட்டது.

அண்ணனுக்குப் பிறந்த நாள் வந்தது. அவருக்கு ஜலதோஷமும் பிடித்திருந்தது. தம்பி இரண்டு பொருள்களை எடுத்துக் கொண்டு போனார். ஒன்று, ஜலதோஷ மாத்திரைப் புட்டி. இன்னொன்று, தாஜ் மகால் என்ற பெயருள்ள அமெரிக்கப் பாடகரின் முதல் தட்டு. (ஆமாம், அந்தப் பாடகர் வைத்துக் கொண்ட பெயரே அதுதான்.) இரண்டையும் வாசலில் வைத்து விட்டு ஓடிப் போய் விட்டார். உதைக்குப் பயம்!

சுமார் இரண்டு மணி நேரம் கழித்து டெலிபோன் மணி அடித்தது. உடனே வா என்று கூப்பிட்டார் அண்ணன்.

தம்பி போய்ப் பார்த்தார். மாத்திரைகளை மேஜையில் கொட்டியிருந்தார் டுவேன். மேலே ஒட்டிய காகிதத்தைக் கழுவி எடுத்து விட்டு, புட்டியை விரலில் மாட்டிக் கொண்டிருந்தார். தட்டிலிருந்த "ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்" என்ற பாட்டுக்கு, தந்தியின் மேல் புட்டியை வழுக்கி வாசித்துக் கொண்டிருந்தார். பிளைண்டு வில்லி மெக்டெல் என்ற கண் பார்வை இல்லாத கறுப்புப் பாடகர் 1928-ம் ஆண்டு பாடிப் பதிந்த பாட்டு அது.

பில்மோர் ஈஸ்ட் தட்டின் முதல் பாட்டும் அதே பாட்டுதான்! கதை தெரியாமல் கேட்டால், அது கெட்டிக்காரர் ஒருவரின் வாசிப்பு. கதை தெரிந்து கேட்டால், கோபித்துக் கொண்ட அண்ணனுக்குத் தம்பி வாசலில் வைத்து விட்டு ஓடிய பரிசு.

ஆறு பேர்

1969-ம் ஆண்டு மார்ச் மாதம், புளோரிடாவில் ஜாக்சன்வில் என்ற ஊரில், டுவேன் புதிய கோஷ்டி சேர்த்தார். பாட்டுக்கும் ஆர்கனுக்கும் தம்பியை வரவழைத்தார். இன்னொரு கித்தாருக்கு டிக்கி பெட்ஸ். அடிநாதம் கொடுக்கும் பாஸ் கித்தாருக்கு பெர்ரி ஓக்லி. டிரம் அடிக்க இரண்டு பேர்: பட்ச் டிரக்ஸ், ஜெய்மோ.

ஜெய்மோ கறுப்பர். மற்ற ஐவரும் வெள்ளையர். அமெரிக்காவின் தென் பகுதியில், அந்த நாளில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வீட்டில் தங்கி ஒன்றாகத் திரிவதை ஊர் முறைத்துப் பார்த்தது. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கோஷ்டி ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மேக்கன் என்ற ஊரில் குடியேறியது. கையில் காசு இல்லை. அந்த ஊரில் லூயிஸ் ஹட்சன் என்ற கறுப்பு அம்மாள் சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தார். இரண்டு தட்டுச் சாப்பாட்டை வாங்கி அத்தனை பேரும் பங்கு போட்டதைப் பார்த்து, ஆளுக்கு ஒரு தட்டாக அவரே கொடுத்தார். அன்று முதல் அவர்களுக்கு அவர் "அம்மா லூயிஸ்". பிற்காலத்தில் கோஷ்டி சுற்றுப்பயணம் போனபோது அவரையும் கூட அழைத்துப் போனார்கள்.

முதல் இரண்டு தட்டுகளும் சரியாக விலை போகவில்லை. ஆனால் மேடையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 1970-ம் ஆண்டில் மட்டும் 300-க்கு மேற்பட்ட கச்சேரிகள்! ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்தால் அந்தச் சூடு வரவில்லை. ஜனங்கள் முன்னால் வாசிப்பதையே தட்டாகப் போட்டு விடலாம் என்று தீர்மானித்தார்கள்.

விடிய விடியக் கச்சேரி

பில் கிரகாம் என்பவர் 1968-ம் ஆண்டு தொடங்கிய கொட்டகை பில்மோர் ஈஸ்ட். சுமார் 2,600 பேர் உட்காரலாம். 1971-ம் ஆண்டு மார்ச் 12, 13 தேதிகளில் அங்கே ஒலிப்பதிவு நடந்தது. ஒலிப்பதிவைக் கவனித்தவர் டாம் டவுட். அவர் இளம் வயதில் அணுகுண்டு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது பாட்டு ஆராய்ச்சி!

முதல் நாள் மேடையில் திடீரென்று சாக்ஸபோன் வாசிப்பவர்கள் வந்து நின்றார்கள். டவுட் திடுக்கிட்டார். அவர்களுடைய ஊதல் எல்லா மைக்கிலும் புகுந்து பதிவைக் கெடுத்தது. கச்சேரி முடிந்ததும் எல்லாரும் ஸ்டூடியோவுக்குப் போய், பதிவானதைப் போட்டுக் கேட்டார்கள். டுவேனுக்கே புரிந்தது. சாக்ஸபோன் நின்றது.

கடைசிக் கச்சேரிக்கு முன்பு, கொட்டகையில் வெடிகுண்டு இருப்பதாகப் புரளி கிளம்பியது. அதனால் ஆட்டம் தொடங்க வெகு நேரம் ஆயிற்று. முடியும்போது பொழுது விடிந்து விட்டது!

ஒரு விஷயத்தை இங்கே சொல்லி விட வேண்டும். கச்சேரித் தட்டு என்றால் நடந்தது நடந்தபடியே இருக்கும் என்று நம்பி விடக் கூடாது. "யூ டோன்ட் லவ் மீ" என்ற 19 நிமிஷப் பாட்டு, இரண்டு வேறு கச்சேரிகளில் வாசித்ததை வெட்டி ஒட்டியது. இன்னொரு பாட்டில் மவுத் ஆர்கன் வாசித்த பகுதியைக் கத்தரித்து விட்டார்கள். ஒட்டு எங்கே என்று காதுக்குத் தெரியாது. டவுட் அவ்வளவு கெட்டிக்காரர். வெட்டாத முழுப் பதிவுகள், சாக்ஸபோன் வரும் பாட்டுகள் உள்பட, 2014-ம் ஆண்டு தனித் தொகுப்பாக வெளிவந்தன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பது நல்ல பொழுதுபோக்கு.

பதினொன்று

இரட்டைத் தட்டின் நான்கு பக்கங்களில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. 23 நிமிஷம்! "விப்பிங் போஸ்ட்" என்பது அதன் பெயர். கசையடி கொடுக்கக் கட்டி வைக்கும் கம்பம் என்று பொருள். கூட்டத்தில் ஒருவன் கத்திக் கேட்டதும் இதைத்தான்.

கிரெக் எழுதிய பாட்டு இது. இரவில் படுத்திருந்தபோது மனத்தில் உதித்ததாம். வீட்டில் குழந்தை தூங்கியது. விளக்குப் போட முடியாது. காகிதமும் பென்சிலும் அகப்படவில்லை. தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தக் கரியால், துணி தேய்க்கும் பலகையின் உறை மேல் எழுதி வைத்தார்.

தொடக்கத்தில் பாஸ் கித்தார் தனியாக வரும். அப்போது விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் பதினொன்று! பெரும்பாலான ராக் பாட்டுகளுக்கு நான்கு எண்ணினால் போதும். பதினோரு எண்ணிக்கையில் பாட்டுக் கட்ட உனக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லையே என்று அண்ணன் ஆச்சரியப்பட்டார். பதினொன்று என்றால் என்ன என்று கேட்டார் தம்பி! அண்ணன் எண்ணிக் காட்டிய பிறகுதான், தாம் செய்தது தம்பிக்குத் தெரிந்தது.

அட்டைப் படம்

தட்டின் அட்டையில் ஆறு பேரும் வாய் விட்டுச் சிரிக்கிறார்கள். கச்சேரி முடிந்த சந்தோஷம் என்றுதான் எவரும் நினைப்பார்.

படம் நியூயார்க்கில் எடுத்ததே அல்ல. மேக்கனில் எடுத்தது. காலை நேரம். படம் எடுக்க நிற்கச் சொன்னதில் எல்லாரும் முகத்தைச் சுளித்துக் கொண்டிருந்தார்கள். அப்போது போதைப் பொருள் விற்பவன் ஒருவன் அந்தப் பக்கம் வந்தான். டுவேன் ஓடிப் போய் வாங்கிக் கையில் மறைத்துக் கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்துத்தான் சிரிப்பு! கோஷ்டியில் இருந்தவர்களே பின்னால் சொன்ன கதை இது.

பின் அட்டையில் வேறு படம். சாமான் தூக்குகிறவர்கள், மேடை அமைக்கிறவர்கள், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் படமும் வர வேண்டும் என்பது டுவேனின் யோசனை. அந்த மனிதரிடம் இதுவும் இருந்தது, அதுவும் இருந்தது.

கடைசிப் பேச்சு

1971 அக்டோபர் 25-ந் தேதி, அந்தத் தட்டுக்குத் தங்கத் தட்டு என்ற விருது கிடைத்தது. பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு வெற்றி!

நாலாம் நாள், அக்டோபர் 29. மேக்கனில் டுவேன் மோட்டார் சைக்கிளில் போனார். எதிரே மரம் தூக்கும் இயந்திரம் ஏற்றிய லாரி ஒன்று சாலையில் திரும்பியது. மோதி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. வயது 24.

அண்ணனும் தம்பியும் கடைசியாகப் பேசியது டெலிபோனில். அண்ணன் வைத்திருந்த கொக்கெயின் என்னும் போதைப் பொடியில் கொஞ்சத்தைத் தம்பி எடுத்து விட்டார். எடுத்தாயா என்று அண்ணன் கேட்டார். எடுக்கவே இல்லை என்று சாதித்தார் தம்பி. அண்ணன் அதை நம்பினார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். அன்பாக இரண்டு வார்த்தை சொல்லி விட்டு டெலிபோனை வைத்தார்.

அவ்வளவுதான். உண்மையைச் சொல்ல அப்புறம் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

தாம் சொன்ன அந்தப் பொய்யை நினைக்காத நாளே இல்லை என்று கிரெக் எழுதியிருக்கிறார். 40 ஆண்டு கழித்து எழுதியது! குடி, போதை, முறிந்த திருமணங்கள், கல்லீரல் கெட்டு 2010-ம் ஆண்டு நடந்த மாற்று ஆபரேஷன், எல்லாவற்றையும் அவர் ஒளிக்காமல் சொல்லுகிறார். புகழ் தேட எழுதிய புத்தகமாகத் தோன்றவில்லை. அந்த டெலிபோன் பேச்சைச் சொல்லியிருக்கவே வேண்டாம். கேட்டவர் இருவர். ஒருவர் செத்து விட்டார். யாருக்குத் தெரியப் போகிறது?

இதைப் படித்த பிறகு "ஸ்டார்மி மண்டே" என்ற மெதுவான பாட்டைக் கேட்க வேண்டும். தம்பி ஒரு வரி பாடி நிறுத்துகிறார். கித்தார் பதில் சொல்லுகிறது. மறுபடி தம்பி பாடுகிறார்.

இரண்டு புத்தகம், இரண்டு கதை

நினைவை எழுதுகிறவர் தம் பக்கத்தைத்தான் சொல்ல முடியும். இதற்கு இன்னொரு கோஷ்டி நல்ல உதாரணம். "தி பாண்டு" என்ற கோஷ்டி 1976-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பிரிவு உபசாரக் கச்சேரி நடத்தியது. மார்ட்டின் ஸ்கார்செசி அதைச் சினிமாவாக எடுத்தார். கித்தார் வாசித்த ராபி ராபர்ட்சன் எழுதிய புத்தகத்தில் அது பெருமைக்குரிய முடிவு. டிரம் வாசித்த லிவான் ஹெல்ம் எழுதிய புத்தகத்திலோ, அந்தப் பிரிவே வேண்டாத பிரிவு. சினிமாவைக் கண்டால் அவருக்கு எரிச்சல்! ஒன்றை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் தெரியும்.

கிரெக்கின் புத்தகத்துக்கு எதிராகப் பேச டுவேன் இல்லை. அவர் புத்தகமும் எழுதவில்லை. அவர் தரப்பில் இருப்பது தட்டுதான்.

நள்ளிரவு தாண்டி

டுவேன் இறந்து ஓர் ஆண்டு கழித்து, 1972 நவம்பர் 11-ந் தேதி, பெர்ரி ஓக்லியும் அதே ஊரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். மூன்று தெரு தள்ளித்தான் அந்த இடம். அவருக்கும் வயது 24. பரிதாபம்!

கோஷ்டி கலைந்தது, கூடியது, மறுபடி கலைந்தது, கூடியது. 2004-ம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டுக்காகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் பில்மோர் ஈஸ்ட் தட்டைச் சேர்த்தது.

கடைசிக் கச்சேரி 2014-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி இரவு, நியூயார்க்கில் பீக்கன் என்ற கொட்டகையில் நடந்தது. பாட்டு நீண்டு கொண்டே போயிற்று. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. தேதி அக்டோபர் 29 ஆகி விட்டது. டுவேன் இறந்த நாள்!

பழைய ஆட்களில் மேடையில் இருந்தவர்கள் கிரெக், பட்ச் டிரக்ஸ், ஜெய்மோ, மூவர்தான். கடைசியாக ஒரு பாட்டு வாசித்தார்கள். "டிரபிள் நோ மோர்" என்ற பழைய புளூஸ் பாட்டு. 1969-ம் ஆண்டு ஜாக்சன்வில்லில் ஆறு பேரும் கூடிய அன்று, கிரெக் முதன்முதலில் பாடிய பாட்டு அதுதான்.

கிரெக் 2017 மே 27-ந் தேதி காலமானார். மேக்கனில் ரோஸ் ஹில் என்ற கல்லறைத் தோட்டத்தில், அண்ணனும் ஓக்லியும் இருக்கும் இடத்துக்கு அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். வறுமைக் காலத்தில் அந்த ஆறு பேரும் பொழுது போக்கவும் பாட்டுக் கட்டவும் போய் உட்கார்ந்த தோட்டம் அது. தட்டில் 13 நிமிஷம் ஓடும் "எலிசபெத் ரீட் நினைவாக" என்ற இசைக்கு டிக்கி பெட்ஸ் பெயர் எடுத்ததும் அங்கிருந்த ஒரு கல்லறைக் கல்லில்தான். பெட்ஸ் 2024 ஏப்ரலில் காலமானபோது, அறுவரில் ஜெய்மோ ஒருவரே மிஞ்சினார்.